தனித்து முடிவெடுத்த தலைவர்: அன்வர் ஸாதாத்தும் எகிப்தின் வெளிநாட்டுக் கொள்கையும்

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையை வகுப்பது அதன் தலைவரா, அல்லது அந்நாட்டின் புவியியல் அமைவும் பொருளாதாரமும் படைபலமுமா என்ற வினா அரசறிவியலில் நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு நவீன எகிப்து மிகவும் பொருத்தமான ஒரு களமாகும். 1970 செப்டம்பரில் ஜமால் அப்துந் நாஸிர் மறைந்தபோது எகிப்து சோவியத் யூனியனின் ஆயுதங்களில் தங்கியிருந்தது. அரபுலகின் தலைமையைத் தனதெனக் கருதியது. இஸ்ரேலை அங்கீகரிப்பதில்லை என்ற நிலைப்பாட்டில் நின்றது. ஒன்பது ஆண்டுகள் நிறைவுறுமுன், 1979 மார்ச் 26இல், அதே எகிப்து வாஷிங்டனில் இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. நைல் நதியும் சுயஸ் கால்வாயும் இருந்த இடத்திலேயே இருந்தன; ஆட்சி முறையும் அடிப்படையில் மாறவில்லை. மாறியவர் ஜனாதிபதி. எனவே முஹம்மத் அன்வர் ஸாதாத் என்ற தனிமனிதரைத் தவிர்த்துவிட்டு இம்மாற்றத்தை விளக்க எவராலும் இயலாது.

எனினும் அம்மனிதரைப் பற்றிய எழுத்துக்களை வாசிக்கும்போது நாம் ஒரு குறைபாட்டை உணர்கின்றோம். ஒரு சாரார் அவரைச் சமாதானத்தின் வீரர் என்கின்றனர். மறு சாரார் துரோகி என்கின்றனர். முடிவில் முரண்படும் இவ்விரு சாராரும் அணுகுமுறையில் ஒன்றுபடுகின்றனர். இரு சாராரும் அவரது துணிவையும் உள்நோக்கத்தையும் மட்டுமே அளவிடுகின்றனர். அவர் முடிவெடுத்த முறை, பேச்சுவார்த்தை மேசையில் அவரது கையைப் பலப்படுத்தியதா, பலவீனப்படுத்தியதா என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எமது பார்வையில் முதன்மையான வினா அதுவேயாகும்.

சாட்சிகளும் அவர்களது சார்புகளும்

இவ்விடயத்தில் நமக்குக் கிடைக்கும் சாட்சியங்கள் குறைவானவையல்ல. ஸாதாத்தே 'அல்-பஹ்ஸு அனித் தாத்' (தன்னைத் தேடி) என்ற தன்வரலாற்றை 1978இல் வெளியிட்டார். அவரது வெளிவிவகார அமைச்சர்களான இஸ்மாயீல் ஃபஹ்மியும் முஹம்மத் இப்ராஹீம் காமிலும் தத்தமது நினைவுகளை நூலாக்கினர். பத்திரிகையாளர் முஹம்மத் ஹஸனைன் ஹைக்கல், ஸாதாத்தின் கொலைக்குப் பின்னர் கடுமையான விமர்சன நூலொன்றை எழுதினார். வெளிவிவகார இராஜாங்க அமைச்சராக இருந்த புத்ருஸ் புத்ருஸ் காலியின் நாட்குறிப்புகளும் நூலுருப் பெற்றுள்ளன.

இவற்றுள் எதனையும் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. ஃபஹ்மியும் காமிலும் பதவி துறந்தவர்கள்; தமது விலகல் சரியானது என நிறுவ வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. ஹைக்கல் 1981 செப்டம்பரில் ஸாதாத்தினால் சிறையிலிடப்பட்டவர். புத்ருஸ் காலியோ ஸாதாத்துடன் இறுதிவரை நின்றவர். அவ்வாறு நின்றமைக்கு அவரும் நியாயம் கூற வேண்டியிருந்தது. ஆயினும் இவ்வளவு மாறுபட்ட சார்புகளைக் கொண்டோர் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். பாரதூரமான முடிவுகளின்போது அவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. அல்லது கேட்கப்பட்டும் அது கணக்கில் எடுக்கப்படவில்லை. ஸாதாத்தும் இதனை மறுக்கவில்லை. தமது இளமைக்காலச் சிறைவாழ்வில், 54ஆம் இலக்க அறையின் தனிமையில் பெற்ற உள்ளாற்றலே தமது ஜெரூஸலம் பயணத்துக்கு ஊற்றாக அமைந்தது என அவர் பெருமையுடன் எழுதுகின்றார். ஒரு நாட்டின் போர், சமாதானம் பற்றிய முடிவு தனியொருவரின் ஆன்மீக அனுபவமாக அங்கு சித்திரிக்கப்படுகின்றது. அந்நூலை வாசிக்கும் எவரும் இங்கு சற்று நின்று சிந்திப்பது அவசியமாகும்.

மரபுரிமையாகக் கிடைத்த அதிகாரம்

இத்தனிமை ஸாதாத்தின் கண்டுபிடிப்பு எனக் கூறுவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. 1956 ஜூலை 26இல் சுயஸ் கால்வாய்க் கம்பனியைத் தேசியமயமாக்கும் அறிவிப்பை நாஸிர் வெளியிட்டபோது, அவரது அமைச்சரவை அதனை அறிந்தது சில மணித்தியாலங்களுக்கு முன்னர்தான். அம்முடிவு எகிப்தியரை வீதிக்கு அழைத்து மகிழ்வித்தது. ஆகவே எவரும் அதன் முறையைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. 1967 மே மாதத்தில் திரான் நீரிணையை மூடும் முடிவு ஜூன் மாதப் பேரழிவுக்கு வழிகோலியபோதும், முடிவெடுக்கும் முறை மாற்றப்படவில்லை. ஒரு கருவி நன்மை தந்த நாளில் அதனை நாம் புகழ்ந்தால், அது மற்றொருவர் கைக்குச் செல்லும்போது அதனைப் பறிக்கும் தகுதியை இழந்துவிடுகின்றோம்.

ஸாதாத் அக்கருவியை முழுமையாகத் தமதாக்கிக் கொண்டார். 1971 மே மாதத்தில் அலி ஸப்ரி முதலான போட்டியாளர்களை அகற்றினார். 1972 ஜூலையில் ஆயிரக்கணக்கான சோவியத் இராணுவ ஆலோசகர்களை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். அமெரிக்கா நீண்டகாலமாக விரும்பிய ஒன்று அது. ஆனால் அதற்கு ஈடாக வாஷிங்டனிடம் முன்கூட்டியே எதனையும் அவர் கேட்டுப் பெறவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இது ஒரு முன்னறிவிப்பாக அமைந்தது எனலாம்.

1973 ஒக்டோபர் 6இல் எகிப்தியப் படை கால்வாயைக் கடந்தமை ஸாதாத்தின் தலைமையின் உயர்ந்த கட்டமாகும் என்பதை மறுப்பதற்கில்லை. அப்போரின் திட்டமிடல் பலரது உழைப்பாகும். சிரியாவுடனான ஒருங்கிணைப்பும் எண்ணெய் உற்பத்தி நாடுகளின் ஒத்துழைப்பும் அதற்குப் பின்புலமாக இருந்தன. ஆனால் போர் ஓய்ந்ததும் முடிவுகள் மீண்டும் ஒருவரிடம் குவிந்தன. 1974 ஜனவரியில் அஸ்வான் நகரில் ஹென்றி கிஸ்ஸிஞ்சருடன் நடந்த பேச்சில், கால்வாயின் கிழக்குக் கரையில் எகிப்து வைத்திருக்கக்கூடிய படைபலம் 7,000 வீரர்கள், 30 தாங்கிகள் என வரையறுக்கப்பட்டது. எகிப்தியத் தூதுக்குழு இதனைவிடப் பன்மடங்கு அதிகமாகக் கோரியிருந்தது; ஸாதாத்தோ தனித்துப் பேசி அதனை ஏற்றுக்கொண்டார். படையணிகளின் தலைமை அதிகாரி அப்துல் கனி அல்-ஜமஸி அதனைக் கேட்டு எழுந்து சென்று கண்ணீர் விட்டார் என்பது பலரும் பதிவுசெய்துள்ள நிகழ்ச்சியாகும். போர்க்களத்தில் பெருமளவு உயிர்களைக் கொடுத்துக் கடத்திய தாங்கிகளைப் பற்றிய முடிவில், அவற்றைக் கடத்தியோரின் குரல் ஒலிக்கவில்லை.

ஜெரூஸலத்துக்கான பாதை

ஜெரூஸலம் பயணத்துக்குப் பின்னாலிருந்த நெருக்கடிகளையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1977 ஜனவரி 18, 19ஆம் திகதிகளில், மானியக் குறைப்பினால் உணவுப் பொருட்களின் விலை உயர்ந்தபோது, எகிப்தின் நகரங்கள் கொந்தளித்தன. அரசு அந்நடவடிக்கையைத் திரும்பப் பெற நேர்ந்தது. கடன் சுமையும் இராணுவச் செலவும் நாட்டை அழுத்தின. ஸாதாத்தின் இடத்தில் வேறெவர் இருந்திருப்பினும் போரிலிருந்து விடுபடும் ஒரு வழியைத் தேடியே இருப்பார் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் நெருக்கடி ஒரு தலைவரைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்துமேயன்றி, எந்தக் கதவு, எப்போது, எந்த விலைக்கு என்பதைத் தீர்மானிப்பதில்லை. அங்குதான் தலைவரின் பங்கு தொடங்குகின்றது.

1977 நவம்பர் 9இல் எகிப்தியப் பாராளுமன்றத்தில், சமாதானத்துக்காக இஸ்ரேலிய நெஸட்டுக்கும் செல்லத் தயார் என ஸாதாத் அறிவித்தார். யாஸிர் அரபாத்தும் அச்சபையில் அமர்ந்திருந்தார். ஒரு வாரத்தின் பின்னர் திமிஷ்க் சென்று ஹாபிஸ் அல்-அஸதைச் சந்தித்தார், அஸத் உடன்படவில்லை. அது ஆலோசனை என அழைக்கப்பட்டாலும் முடிவு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. வெளிவிவகார அமைச்சர் ஃபஹ்மி நவம்பர் 17இல் இராஜினாமாச் செய்தார். அவரது இடத்துக்கு அழைக்கப்பட்ட முஹம்மத் ரியாழும் அன்றே விலகிக்கொண்டார். நவம்பர் 19இல் ஸாதாத் இஸ்ரேலில் தரையிறங்கினார். மறுநாள் நெஸட்டில் உரையாற்றினார்.

அவ்வுரையின் உள்ளடக்கத்தில் பெரிய குறை காண்பது கடினம். 1967இல் கைப்பற்றப்பட்ட நிலங்கள் அனைத்திலிருந்தும் வெளியேற வேண்டும் எனவும், பலஸ்தீனருக்குத் தமது நாட்டை அமைக்கும் உரிமை உண்டு எனவும் அவர் எதிராளியின் சபையிலேயே கூறினார். ஆனால் இஸ்ரேல் மூன்று தசாப்தங்களாக வேண்டிநின்ற அங்கீகாரம் அவ்வருகையினாலேயே அதற்குக் கிடைத்துவிட்டது. சொல் கோரிக்கையாக எஞ்சியது. செயல் கொடையாக முடிந்தது.

பேச்சுவார்த்தை மேசையில் இருவர்

1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை கேம்ப் டேவிட்டில் நடந்த மாநாடு எமது வினாவுக்கு மிகத் தெளிவான விடையைத் தருகின்றது. அங்கு இரு தலைவர்களும் முற்றிலும் வேறுபட்ட நிலைகளில் நின்றனர். இஸ்ரேலியப் பிரதமர் மெனாசெம் பெகின் தமது தூதுக்குழுவினரைவிடக் கடுமையானவராக இருந்தார். மோஷே தயானும் எஸர் வைஸ்மனும் அவரைவிட நெகிழ்ச்சி காட்டினர். எகிப்தியத் தரப்பிலோ தலைவர் நெகிழ்ந்தார். குழுவினர் உறுதியாக நின்றனர். ஆகவே அமெரிக்க மத்தியஸ்தர்கள் பெகினை இணங்கச் செய்ய அவரது ஆலோசகர்களை நாடினர். எகிப்தின் இணக்கத்தைப் பெறவோ ஆலோசகர்களைக் கடந்து நேரே ஸாதாத்திடம் சென்றனர்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. மாநாட்டின் ஆரம்பத்தில் ஸாதாத் கடுமையான கோரிக்கைப் பத்திரமொன்றை முன்வைத்தார். அதேவேளை, தாம் இறுதியில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவற்றை எழுதி ஜனாதிபதி கார்ட்டரிடம் இரகசியமாகக் கையளித்தார். மத்தியஸ்தர் மீது கொண்ட நம்பிக்கையின் வெளிப்பாடாக இதனைச் சிலர் புகழ்கின்றனர். சந்தையில் ஆடு வாங்கச் செல்பவரும் தமது மடியிலுள்ள பணம் எவ்வளவு என்பதைத் தரகரிடம் முதலில் கூறுவதில்லை.

பெகின் வேறொரு முறையைக் கையாண்டார். ஸீனாயிலுள்ள யூதக் குடியேற்றங்களை அகற்றும் அதிகாரம் தமக்கில்லை என்றும், அதனை நெஸட்டே தீர்மானிக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். அவ்வாறே செப்டம்பர் இறுதியில் நெஸட் விவாதித்து, 84 வாக்குகள் ஆதரவாகவும் 19 வாக்குகள் எதிராகவும் அளித்து அங்கீகரித்தது. 'எனது சபை இதனை ஏற்காது' என்பது இராஜதந்திரத்தில் ஓர் ஆயுதம். அது பெகினின் கையில் இருந்தது. ஸாதாத் அதனை ஏந்த முடியாதவராக இருந்தார். ஏனெனில் அவரது பாராளுமன்றம் அவரை மறுக்காது என்பதை அனைவரும் அறிவர். அவரால் தமது அமைச்சரைக் காட்டி 'இவர் விலகிவிடுவார்' எனக் கூறவும் இயலவில்லை. இரு அமைச்சர்கள் ஏற்கெனவே விலகியும் எதுவும் மாறவில்லை. மூன்றாமவரான முஹம்மத் இப்ராஹீம் காமில், இளமையில் ஸாதாத்துடன் ஒரே வழக்கில் சிறையிருந்த நண்பர். அவரும் கேம்ப் டேவிட்டிலேயே தமது இராஜினாமாவைக் கையளித்தார். கைச்சாத்திடும் வைபவத்துக்கு அவர் செல்லவில்லை.

எவரிடமும் கேட்காமல் கொடுக்க முடிந்தவரிடமே எல்லோரும் கேட்பர். வரம்பற்ற அதிகாரம் உள்நாட்டில் பலமாகத் தோன்றலாம். வெளிநாட்டாருடன் பேசும்போது அதுவே பலவீனமாகின்றது. இதுவே ஸாதாத்தின் வரலாறு நமக்குக் கற்றுத்தரும் முதன்மையான பாடம் என நாம் கருதுகின்றோம்.

இதன் விளைவை உடன்படிக்கையின் அமைப்பிலேயே காணலாம். கேம்ப் டேவிட்டில் இரு சட்டகங்கள் உருவாயின. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான சமாதானம் பற்றிய சட்டகம் தெளிவான கடமைகளையும் கால எல்லைகளையும் கொண்டிருந்தது. மேற்குக் கரை, காஸா பற்றிய சட்டகமோ பின்னர் பேசித் தீர்க்கப்பட வேண்டிய விடயங்களின் தொகுப்பாக இருந்தது. முதலாவதன் நிறைவேற்றம் இரண்டாவதில் தங்கியிருக்கவில்லை. ஜெரூஸலம் பற்றி ஒவ்வொரு தரப்பும் தனது நிலைப்பாட்டைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்ததுடன் விடயம் முடிந்தது. குடியேற்றங்களை நிறுத்துவதாக பெகின் அளித்த வாக்குறுதி சுயாட்சிப் பேச்சுகள் முடியும்வரைக்கானது எனக் கார்ட்டர் விளங்கியிருந்தார். அது மூன்று மாதங்களுக்கு மட்டுமே எனப் பெகின் கூறிவிட்டார். 1980 ஜூலையில் ஜெரூஸலம் முழுவதையும் தனது தலைநகராக இஸ்ரேல் சட்டமியற்றியது. 1981 டிசம்பரில் கோலான் மீது தனது சட்டத்தை விரித்தது. 1982 ஜூனில் லெபனானுக்குள் புகுந்தது. எகிப்து இவற்றைக் கண்டித்தது. தடுக்கும் நிலையில் இருக்கவில்லை.

எதிர்வாதம்

ஸாதாத்தை ஆதரிப்போர் கூறும் நியாயத்தை நாம் புறக்கணிக்கக் கூடாது. ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய ஸீனாய் 1982 ஏப்ரல் 25க்குள் எகிப்திடம் திரும்பியது; தாபா மட்டும் நடுவர் தீர்ப்பின் வழியாக 1989இல் வந்து சேர்ந்தது. 1973க்குப் பின்னர் எகிப்தியப் படை இஸ்ரேலுடன் போரிடவில்லை. அந்நாட்டின் தாய்மார்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தமது புதல்வரை அவ்வெல்லையில் புதைக்காதிருந்தனர். இது சிறிய பேறன்று. கலந்தாலோசித்திருந்தால் அரபு நாடுகளின் ஒற்றுமையின்மை எதனையும் நகரவிட்டிராது என்பதும் அவர்களது வாதம்.

முதற்பகுதியை நாம் ஏற்கின்றோம். இரண்டாம் பகுதி ஆராயப்பட வேண்டியது. ஸாதாத்தின் பயணத்துக்கு முன்னரே, 1977 செப்டம்பரில், மொரோக்கோவில் தயானும் எகிப்தின் ஹஸன் துஹாமியும் இரகசியமாகச் சந்தித்திருந்தனர். எகிப்தைப் போர்க்களத்திலிருந்து விலக்குவதற்கு விலையாக ஸீனாயின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க இஸ்ரேல் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது என்பதை, அதே ஆண்டின் டிசம்பரில் பெகின் முன்வைத்த திட்டமும் காட்டுகின்றது. எனவே தனித்த துணிவு ஈட்டித்தந்தவற்றுள் பெரும்பங்கு, எகிப்தின் பருமனே ஈட்டித்தரக் கூடியதாக இருந்தது. தனிமையினால் இழக்கப்பட்டது மற்றவர்களின் பங்காகும். குறிப்பாகப் பலஸ்தீனரின் பங்காகும்.

ஹுதைபிய்யாவும் அகழியும்

ஒப்பந்தத்துக்கு மார்க்கச் சான்றும் தேடப்பட்டது. 1979இல் அஸ்ஹர் அதனை ஆதரித்தது. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஜாதுல் ஹக் தமது ஃபத்வாவில் ஹுதைபிய்யா உடன்படிக்கையை முன்னுதாரணமாகக் காட்டினார். எதிரியுடன் உடன்படிக்கை செய்வது ஆகுமானதா என்ற வினாவுக்கு அச்சான்று பொருந்தலாம். உடன்படிக்கை எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதற்கு அதே ஸீராவின் பிற பக்கங்களையும் புரட்டுதல் வேண்டும். ஹுதைபிய்யாவில் உமர் (ரழி) அவர்கள் தமது ஆட்சேபத்தை வெளிப்படையாகக் கூறினார்கள். அதற்காக எவரும் அவரைத் தண்டிக்கவில்லை. உடன்படிக்கைக்கு முன்னர் மரத்தடியில் தோழர்கள் அளித்த பைஅத், நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் உறுதிகொண்ட ஒரு சமூகம் நிற்கின்றது என்பதைக் குறைஷியருக்கு உணர்த்தியது.

அகழிப் போரின் நிகழ்ச்சி இன்னும் நெருக்கமானது. முற்றுகையைத் தளர்த்துவதற்காக மதீனாவின் பேரீச்சை அறுவடையில் மூன்றிலொன்றைக் கொடுத்து கத்ஃபான் கோத்திரத்தாரைத் திருப்பியனுப்ப நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். பத்திரமும் எழுதப்பட்டது. எனினும் அதனை உறுதிசெய்யுமுன் ஸஅத் இப்னு முஆத் (ரழி), ஸஅத் இப்னு உபாதா (ரழி) ஆகிய அன்ஸாரித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். இது வஹியா, அல்லது எமக்காகத் தாங்கள் மேற்கொள்ளும் ஏற்பாடா என அவர்கள் வினவினர். தமக்கான ஏற்பாடே என அறிந்ததும் மறுத்தனர். பத்திரத்தின் எழுத்து அழிக்கப்பட்டது. பேரீச்சை அவர்களுடையது; கொடுப்பதா இல்லையா என்பதைக் கூறும் உரிமையும் அவர்களுடையதாயிற்று. ஸாதாத்துக்காகச் சான்று தேடியோர் அகழிக்கரையின் இப்பத்திரத்தையும் நினைவில் கொண்டிருக்கலாம்.

தலைவருக்குப் பின்னர்

ஒப்பந்தத்தை எகிப்தியப் பாராளுமன்றம் 1979 ஏப்ரலில் அங்கீகரித்தது. எதிர்த்து வாக்களித்தோர் மிகச் சிலரே; ஆயினும் சில நாட்களுக்குள் அம்மன்றம் கலைக்கப்பட்டது. தொடர்ந்து நடந்த மக்கள் தீர்ப்பில் 99 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய எண்ணிக்கை எவரையும் நம்பச் செய்வதில்லை. அரபு லீக் எகிப்தை இடைநிறுத்தித் தனது தலைமையகத்தை டியூனிஸுக்கு மாற்றியது. பத்தாண்டுகளின் பின்னர், 1989இலேயே எகிப்து மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. உள்நாட்டில் மாற்றுக்கருத்துக்கு இடமளிக்காத ஆட்சி 1981 செப்டம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கைதுசெய்தது. அடுத்த மாதம் 6ஆம் திகதி, கால்வாயைக் கடந்த வெற்றியின் நினைவு அணிவகுப்பில் ஸாதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. சட்டபூர்வமாகப் பேசும் வாயில்கள் அடைக்கப்பட்ட நாட்டில் துப்பாக்கி பேசத் தொடங்கியது என்பதையும் மறைக்க முடியாது.

ஒப்பந்தம் அவருக்குப் பின்னரும் நிலைத்தது. முபாரக்கின் 30 ஆண்டு கால ஆட்சியிலும், 2012 முதல் 2013 வரை முஹம்மத் முர்ஸி ஜனாதிபதியாக இருந்தபோதும் அது இரத்துச் செய்யப்படவில்லை. 2023 ஒக்டோபருக்குப் பின்னர் காஸா எரிந்த மாதங்களிலும் அது முறியவில்லை. அதேவேளை 1982, 2000, 2012 ஆகிய ஆண்டுகளில் எகிப்து தனது தூதுவரைத் திருப்பி அழைத்தது. எகிப்தின் தொழில்சார் சங்கங்கள் பல இஸ்ரேலுடனான உறவைத் தமது உறுப்பினர்களுக்குத் தடைசெய்தன. அரசுகளுக்கிடையில் சமாதானம் நிலவியது. மக்களிடம் அது சென்று சேரவில்லை. ஒருவர் தனித்துச் செய்த ஒப்பந்தத்தைப் பின்வந்தோர் பேணினர். ஆனால் எவரும் அதனைத் தமதென உரிமை கொண்டாடவில்லை.

தலைவர்களை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் அவர்களது துணிவைக் கேட்கின்றோம், தூய்மையைக் கேட்கின்றோம். அவ்விரண்டும் தேவையே. அவற்றுடன் மூன்றாவது வினா ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இத்தலைவரிடம் 'இல்லை' எனக் கூறக்கூடிய சபை ஒன்று அவரது நாட்டில் இருக்கின்றதா? நாம் விரும்பும் தலைவரைப் பற்றியும் இவ்வினாவை எழுப்புவதே முறை. அவர் நமக்குப் பிடித்தமான முடிவுகளை எடுக்கும் காலத்திலேயே அதனை எழுப்பத் தவறினால், பின்னர் எழுப்புவதற்கான இடம் எஞ்சியிருக்காது. 1956இல் கெய்ரோவின் வீதிகளில் ஆர்ப்பரித்த மக்கள் அவ்வினாவை எழுப்பவில்லை. 1977இல் அவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.